பக்காரா: அஞ்சு நிமிஷத்தில் கத்துக்கலாம், அதுக்கு மேல் ஒண்ணுமில்லை



போன செமஸ்டரில் ஒரு ராத்திரி, என் ரூம்மேட் மேசை மேல் ஒரு லாங் சைஸ் நோட்டு திறந்து கிடந்தது. பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, சிவப்பு வட்டம், நீல வட்டம், நடுநடுவே பச்சைக் கோடு. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் அசைன்மென்ட்தான் போல என்று நினைத்து, "மச்சான், எனக்கும் ஒரு காப்பி குடுடா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி வைத்துவிட்டான்.

ரெண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது அசைன்மென்ட் இல்லை, பக்காரா என்று. அதற்குள் அவன் அப்பா அனுப்பியிருந்த எக்ஸாம் ஃபீஸும் மெஸ் பில்லும் காலி. பெயர் போடாமல் எழுதிக்கோ என்று அவனே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

"ஓ, சூதாடாதீர்கள் கட்டுரையா?" என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீர்கள். அந்த போஸ்டர் நம் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஏற்கனவே இருக்கிறது, அதை யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை. நான் சொல்வது வேறு. பக்காராவை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். விதி, பாயின்ட் கணக்கு, ப்ராபபிலிட்டி, எல்லாமே. ஒரே ஒரு கண்டிஷன்: முதல் பந்தயத்துக்கு முன்னாடியே கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டால் ஏன் பிரயோஜனம் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த பக்காரா?

ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் முதலாவதான 'கேசினோ ராயல்' 1953-ல் வந்தது. அதில் பாண்டும் வில்லனும் மோதிக்கொள்வது பக்காரா மேசையில்தான். ஆனால் அது 'ஷெமின் தெ ஃபேர்' என்ற பழைய பிரெஞ்சு வகை. அதில் ஆடுகிறவருக்குச் சில இடங்களில் இன்னொரு சீட்டு வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இடம் உண்டு.

இன்றைக்கு மக்காவிலும் லாஸ் வேகாஸிலும், நம் போனில் விளம்பரமாக வருகிற 'லைவ் டேபிளிலும்' இருப்பது 'புன்டோ பாங்கோ' என்ற வகை. 1950-களின் கடைசியில் ஹவானாவிலிருந்து லாஸ் வேகாஸுக்கு வந்தது. மக்காவ் சூதாட்ட விடுதிகளின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஒரே ஆட்டத்திலிருந்து வருகிறது. நாம் பார்க்கப் போவதும் இதைத்தான்.

பாயின்ட் கணக்கு

வழக்கமாக எட்டுக் கட்டு, அதாவது 416 சீட்டு, கலக்கி ஒரு பெட்டியில் வைப்பார்கள். அந்தப் பெட்டிக்கு 'ஷூ' என்று பெயர்.

ஏஸ் 1 பாயின்ட். 2 முதல் 9 வரை அந்தந்த எண்ணே. 10, ஜாக்கி, ராணி, ராஜா நாலுக்கும் பூஜ்யம். இஸ்பேடா டைமனா என்பதெல்லாம் கணக்கில்லை.

சீட்டுகளைக் கூட்டி, ஒன்றாம் இட எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 7-ம் 8-ம் வந்தால் 15, பாயின்ட் 5. நம் மொழியில் சொன்னால் மாடுலோ 10. அதிகபட்சம் 9, குறைந்தபட்சம் 0. ரம்மி மாதிரி சேர்ப்பது, கழிப்பது, டிக்ளேர் பண்ணுவது எதுவும் இல்லை.

மேசையில் இரண்டு பக்கம்: 'ப்ளேயர்', 'பேங்கர்'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ப்ளேயர் என்றால் நீங்கள் இல்லை, பேங்கர் என்றால் கேசினோ இல்லை. இரண்டும் வெறும் லேபிள். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் பணம் கட்டலாம். இரண்டும் சமமாகும் என்று 'டை' மேலும் கட்டலாம்.

இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு சீட்டு விழும். யாருக்காவது 8 அல்லது 9 வந்துவிட்டால் அது 'நேச்சுரல்'. ஆட்டம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் மூன்றாவது சீட்டு:

- ப்ளேயர் 0 முதல் 5 வரை இருந்தால் ஒரு சீட்டு வாங்கும். 6, 7 என்றால் நிற்கும்.
- ப்ளேயர் வாங்காமல் நின்றால், பேங்கருக்கும் அதே விதி.
- ப்ளேயர் வாங்கியிருந்தால், அந்த மூன்றாவது சீட்டைப் பார்த்துத்தான் பேங்கர் நகரும். பேங்கர் 0, 1, 2 என்றால் கட்டாயம் வாங்கும். 3 என்றால், ப்ளேயரின் மூன்றாவது சீட்டு 8 ஆக இல்லாவிட்டால் வாங்கும். 4 என்றால் அந்தச் சீட்டு 2 முதல் 7 வரை இருந்தால் வாங்கும். 5 என்றால் 4 முதல் 7 வரை. 6 என்றால் 6 அல்லது 7. பேங்கர் 7 என்றால் நிற்கும்.

அவ்வளவுதான். ஒரு ஆட்டம் போட்டுப் பார்ப்போம். ப்ளேயருக்கு 7, 8 வந்தது: 5 பாயின்ட். பேங்கருக்கு ராஜா, 6 வந்தது: 6 பாயின்ட். ப்ளேயர் 5-ல் இருப்பதால் சீட்டு வாங்க வேண்டும். வந்தது 6. மொத்தம் 11, அதாவது 1 பாயின்ட். பேங்கர் 6-ல் இருக்கிறது, ப்ளேயரின் மூன்றாவது சீட்டு 6. எனவே பேங்கரும் வாங்கும். வந்தது 2. எட்டுக்கு ஒன்று, பேங்கர் வெற்றி.

இன்னொன்று. ப்ளேயருக்கு ராணி, 2: 2 பாயின்ட். பேங்கருக்கு ஏஸ், 2: 3 பாயின்ட். ப்ளேயர் வாங்குகிறது, 8 வருகிறது, மொத்தம் 10, அதாவது பூஜ்யம். பேங்கர் 3-ல் இருக்கிறது, ஆனால் வந்த சீட்டு 8. அதனால் வாங்காமல் நிற்கும். மூன்றுக்கு பூஜ்யம், பேங்கர் வெற்றி.

இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டு ஆட்டத்திலும் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

எங்கேயும் இல்லை. சீட்டு விழ ஆரம்பித்த பிறகு உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. வாங்கலாமா நிற்கலாமா என்பதை அட்டவணை முடிவு பண்ணிவிட்டது. டீலர்கூட முடிவெடுப்பதில்லை. நம்ம ஊர் மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்று பணம் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம் இல்லையா, அதுவேதான். கோட் சூட் போட்ட மங்காத்தா. 'கேசினோ ராயல்' 2006-ல் படமாக வந்தபோது பக்காராவைத் தூக்கிவிட்டு போக்கரை வைத்தார்கள்.

கமிஷன் எங்கிருந்து வந்தது?

எட்டுக் கட்டு ஆட்டத்தில் பேங்கர் ஜெயிப்பது 45.86 சதவீதம், ப்ளேயர் ஜெயிப்பது 44.62 சதவீதம், டை 9.52 சதவீதம். டை வந்தால் இரண்டு பக்கம் கட்டியவர்களுக்கும் பணம் திரும்பிவிடும்.

பேங்கருக்கு ஏன் கொஞ்சம் கூடுதல்? மேலே இருக்கும் விதியைப் பாருங்கள். ப்ளேயருக்கு என்ன விழுந்தது என்று தெரிந்த பிறகுதான் பேங்கர் நகர்கிறது. இரண்டாவதாக நகர்பவருக்குத் தகவல் கூடுதல்.

அப்படியானால் எப்போதும் பேங்கர் மேலேயே கட்டினால் போதாதா? போதும், கமிஷன் இல்லாமல் இருந்தால். 45.86-லிருந்து 44.62 போனால் 1.24. நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 24 காசு உங்களுக்கு லாபம். அதனால்தான் பேங்கர் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள். அதைக் கழித்தால் உங்கள் லாபம் காணாமல் போய், நூறுக்கு சுமார் 1 ரூபாய் 6 காசு நஷ்டமாக மாறிவிடும். ப்ளேயர் மேல் கட்டினால் 1 ரூபாய் 24 காசு நஷ்டம். டைக்கு ஒன்றுக்கு எட்டு தருகிறார்கள். ஆசையாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் நூறுக்குச் சுமார் 14 ரூபாய் நஷ்டம்.

மூன்று கதவு, மூன்றும் ஒரே பக்கம்தான் திறக்கிறது.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 1.24 சதவீதம் என்பது சின்னத் தொகைதான். மணிக்கு 60 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் ப்ளேயர் மேல் கட்டினால், புரள்வது 6,000 ரூபாய், எதிர்பார்க்கும் நஷ்டம் 74 ரூபாய். சினிமா டிக்கெட்டை விட மலிவு. ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 700 ரூபாய்க்கு மேல். அந்த 74 ரூபாய் சரிவு இந்த 700 ரூபாய் ஆட்டத்துக்குள்ளே ஒளிந்துகொள்கிறது. ஒரு மணி நேரம் ஆடினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் லாபத்தோடுதான் எழுந்திருப்பார்கள்.

ஹாஸ்டலில் ஒருவன் ஜெயித்த ஸ்க்ரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ் வைப்பது பொய் இல்லை, நிஜம். தோற்றவன் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை, அவ்வளவுதான். ஆட்டம் நூறு மடங்கானால் நஷ்டமும் நூறு மடங்கு, ஆனால் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் ஆகும். ரூட் என் எங்கே வருகிறது என்று நமக்குத் தெரியாதா என்ன? நூறு மணி நேரத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேல் சரிவுதான் ஜெயிக்கும். கேசினோவுக்கு நீங்கள் இன்றைக்குத் தோற்க வேண்டும் என்று அவசியமே இல்லை. நாளைக்கும் வந்தால் போதும்.

சிவப்பு வட்டம், நீல வட்டம்

என் ரூம்மேட்டின் நோட்டுக்கு வருவோம். பக்காரா மேசைகளில் முடிந்த ஆட்டங்களைக் குறித்துவைப்பது பெரிய சடங்கு. பேங்கர் ஜெயித்தால் சிவப்பு, ப்ளேயர் என்றால் நீலம், டை என்றால் பச்சை. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஜெயித்தால் அதே நெடுவரிசையில் கீழே போகும், பக்கம் மாறினால் அடுத்த நெடுவரிசை. இதற்கு 'பிக் ரோடு' என்று பெயர். இதிலிருந்து இன்னும் மூன்று படம் வரைவார்கள். அதில் ஒன்றின் பெயரே கரப்பான் பூச்சி! அந்த மூன்றிலும் சிவப்பு, நீலம் என்றால் பேங்கர், ப்ளேயர் இல்லை. பிக் ரோடு ஒழுங்காகப் போகிறதா, கலைந்து போகிறதா என்பதைக் காட்டும் குறி. டேட்டாவின் மேல் டேட்டா.

கேசினோ இந்தப் படங்களைத் திரையிலேயே போட்டுக் காட்டும், மேசையில் உட்கார்பவருக்குக் குறிப்பு அட்டையும் பேனாவும் இலவசமாகத் தரும். உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிற ஒன்றைக் கேசினோ ஏன் ஓசியில் கொடுக்கப் போகிறது?

ஒரு ஷூவில் சுமார் 80 ஆட்டம் வரும். டை போக 72 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் சுண்டுவது போலவே நினைத்தாலும், 72 தடவையில் சராசரியாக 36 தொடர்கள் வரும். அவற்றில் பதினாறில் ஒன்று ஐந்து அல்லது அதற்கு மேல் நீளமாக இருக்கும். அதாவது ஒவ்வொரு ஷூவிலும் சராசரியாக இரண்டு தடவை ஐந்து சிவப்போ ஐந்து நீலமோ வரிசையாக வந்தே தீரும். பார்க்கிறவனுக்கு அது 'ட்ரெண்ட்'. கணக்குக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

ஆட்டத்தில் நமக்கு வேலையே இல்லை என்பதால், இந்த நோட்டு நமக்கு ஒரு வேலை கொடுக்கிறது. உழைக்கிற மாதிரி ஒரு உணர்வு. என் ரூம்மேட் எந்த செமஸ்டரிலும் அவ்வளவு சுத்தமாக நோட்ஸ் எடுத்ததில்லை, சத்தியமாக.

116

அவன் ஆடியது டபுளிங் முறை. நீலத்தில் 100 கட்டு. தோற்றால் 200, பிறகு 400, 800... எப்போது ஜெயித்தாலும் எல்லா நஷ்டமும் போக 100 ரூபாய் லாபம். மூன்று ராத்திரி தொடர்ந்து ஜெயித்தான். நாலாவது ராத்திரி வரிசையாக ஆறு சிவப்பு. "ஏழாவது நீலம்தான், வேற வழியே இல்ல" என்று 6,400 கட்டினான். ஏழாவதும் சிவப்பு. 100-லிருந்து 6,400 வரை கூட்டிப் பாருங்கள்: 12,700.

நான் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். டையை விட்டுவிட்டால் நீலம் தோற்கும் வாய்ப்பு 50.68 சதவீதம். அது ஏழு தடவை வரிசையாக நடக்க, சுமார் 116-ல் ஒரு வாய்ப்பு. 115 தடவை 100 ரூபாய் ஜெயித்தால் 11,500. ஒரு தடவை போவது 12,700. ஆக, 116 சுற்றுக்கு 1,200 ரூபாய் நஷ்டம். டபுள் பண்ணுவதால் சரிவு மறையவில்லை; எல்லா நஷ்டத்தையும் மூட்டை கட்டி ஒரே ராத்திரியில் கொண்டுவந்து போடுகிறது.

அவன் கவனமாகக் கேட்டான். பேப்பரை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தான். அப்புறம் சொன்னான்: "சரிடா. அந்த 116-வது எப்ப வரும்னு மட்டும் சொல்லு. அதுக்கு முன்னாடி நிறுத்திடறேன்."

ப்ராபபிலிட்டி பேப்பரில் என்னைவிட அதிக மார்க் எடுத்தவன் அவன்.

கெட்டிக்காரர்கள் என்ன ஆனார்கள்?

"கார்டு கவுன்டிங் பண்ணினால்?" என்று ஒருவராவது கேட்பீர்கள். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் பிளாக்ஜாக்கில் கேசினோவை ஜெயிக்க முடியும் என்று நிரூபித்து 1962-ல் புத்தகமே போட்டார். அவரும் வில்லியம் வால்டனும் அடுத்து பக்காராவை எடுத்து அலசினார்கள். அன்றைக்கு நெவாடாவில் இருந்த சில பக்கப் பந்தயங்களில் மட்டும் ஓட்டை இருந்தது. ப்ளேயர், பேங்கர் என்ற முக்கியப் பந்தயங்களில் எண்ணிப் பார்த்து ஒரு நடைமுறைப் பயனும் இல்லை.

போக்கர் ஜாம்பவான் ஃபில் ஐவி 2012-ல் லண்டன் கேசினோ ஒன்றில் புன்டோ பாங்கோ ஆடி 77 லட்சம் பவுண்ட் ஜெயித்தார். எப்படி? சீட்டின் பின்பக்க டிசைனில் இருந்த நுணுக்கமான வித்தியாசத்தை வைத்து. ராசி என்று காரணம் சொல்லி 7, 8, 9 சீட்டுகளை மட்டும் டீலரைத் திருப்பி வைக்கச் சொல்லி, அடுத்து வரப் போவது நல்ல சீட்டா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டார்கள். கேசினோ பணம் தரவில்லை. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-ல் அது ஏமாற்று வேலைதான் என்று தீர்ப்பு வந்தது.

யோசித்துப் பாருங்கள். உலகத்தின் சிறந்த சீட்டாட்டக்காரர்களில் ஒருவருக்கே, ஜெயிக்க சீட்டை முதுகுப் பக்கமாகப் பார்க்க வேண்டியிருந்தது. நமக்குக் கரப்பான் பூச்சிப் படம் போதுமாம்.

நம்ம ஊர் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டின் 2022-ம் வருடச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடை செய்துவிட்டது. அப்படியும் லிங்க் வருகிறது என்றால் அந்தத் தளம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. நான் மேலே சொன்ன சதவீதமெல்லாம் நேர்மையான சீட்டுக்கட்டுக்கு. அங்கே கட்டு நேர்மையானதா என்று யார் சோதித்தார்கள்?

புளியங்கொட்டை டெஸ்ட்

"என் காசு, என் இஷ்டம், ஷேர் மார்க்கெட்டும் சூதுதானே?" என்பவர்களுக்கு நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. ஒரு பரிசோதனை மட்டும் சொல்கிறேன். ரூமில் நாலு பேர் உட்காருங்கள். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. ஒரு கட்டு போதும், மேலே இருக்கும் விதிப்படி பக்காரா ஆடுங்கள். கமிஷனையும் மறக்காமல் பிடியுங்கள். நாங்கள் ஆடிப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் ஒருவன் போனை எடுத்துவிட்டான், இன்னொருவன் டீ குடிக்கப் போய்விட்டான். இதே ரூமில் கழுதை ஆட்டத்தை விடிய விடிய ஆடியிருக்கிறோம், ஒரு பைசா இல்லாமல்! கழுதையில் யோசிக்க ஏதோ இருக்கிறது. பக்காராவில் பணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. பணம்தான் அந்த ஆட்டமே.

அதனால்தான் என் கோரிக்கை: ப்ராபபிலிட்டி யூனிட்டில் எத்தனை நாளைக்குத்தான் பையிலிருந்து சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் எடுத்துக்கொண்டிருப்போம்? ஒரு பீரியட் இந்த ஆட்டத்தை நடத்தட்டும். லேபில் ஒரு லட்சம் ஆட்டத்தை சிமுலேட் பண்ண விடட்டும். நாற்பது வரி கோடுதான். விதியை மேலே கொடுத்துவிட்டேன், இந்த வாரமே நீங்களே எழுதிப் பாருங்கள்.

முதல் பந்தயத்துக்கு முன்னாடி ஏன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதாகச் சொன்னேன் இல்லையா? என் ரூம்மேட்டுக்குக் கணக்கு தெரிந்தது. கணக்கு அவனை நிறுத்தவில்லை. காசு போன பிறகு, கணக்கும் அவன் கண்ணுக்கு இன்னொரு சிஸ்டம் மாதிரிதான் தெரிந்தது. அவனை நிறுத்தியது, எக்ஸாம் ஃபீஸ் கட்டும் கடைசி நாளில் அவன் அப்பா போன் பண்ணி, "கட்டிட்டியாப்பா?" என்று கேட்டதுதான். நாங்கள் ஆறு பேர் போட்டு ஃபீஸ் கட்டினோம். மாசம் ஐநூறு ஐநூறாக இன்னும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அந்த நோட்டு அவன் மேசையில்தான் இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து கேட் நோட்ஸ் எழுத ஆரம்பித்திருக்கிறான்.